இருபத்தொன்றாம் படி

டைமக்கா தலைவியானது ஓட்டுப் போட்டு அல்ல, ஒரு விசிலால்.

எல்லாம் நின்றுபோன வருஷம் அது. முதலில் கரண்ட் நின்றது. பிறகு போன், பிறகு பேங்க், பிறகு கடை. கடைசியில், யாராவது வந்து சரிசெய்வார்கள் என்ற பேச்சும் நின்றது. அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நகரத்துக்கு வெளியே இருந்த பஸ் டிப்போவில் டைம் கீப்பர் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது, டிரைவர் யார், கண்டக்டர் யார் என்று பன்னிரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தாள். டிப்போவைச் சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவர் இருந்தது. டீசல் என்ஜினில் ஓடும் ஆழ்குழாய்க் கிணறு இருந்தது. தரைக்கடியில் டீசல் டேங்க், மேலே தண்ணீர்த் தொட்டி, இனி எங்கும் போகாத அறுபத்து மூன்று பஸ்கள். சுவரைப் பார்த்து ஜனங்கள் வந்தார்கள். சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு பஸ்ஸுக்குள் குடும்பம் நடத்தினார்கள்.

நாற்பதாவது நாள் தண்ணீர்ச் சண்டை வந்தது. ஒருவன் இன்னொருவன் மண்டையை ஜாக்கி ராடால் உடைத்தான். அடிபட்டவன் குழாயடியிலேயே உயிரை விட்டான். அவன் ரத்தத்தை மிதித்துக்கொண்டு மற்றவர்கள் குடம் பிடித்தார்கள். அப்போதுதான் அவள் டைம் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, பஸ் ரிவர்ஸ் எடுக்கும்போது ஊதுகிற விசிலை ஊதினாள். பழக்கதோஷம், பாதிப் பேர் அப்படியே நின்றார்கள். மீதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கரும்பலகையில் எழுத ஆரம்பித்தாள். ஒன்றாம் நம்பர் பஸ், ஐந்து குடம், ஆறு மணி. இரண்டாம் நம்பர் பஸ், ஐந்து குடம், ஆறு பத்து.

"யாருங்க இவங்க? இவங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?" என்று ஒருவர் எகிறினார்.

டிப்போவின் பழைய கண்டக்டர் பக்கத்தில் நின்றார். தோல்பையை அப்போதும் தோளிலிருந்து கழற்றாதவர். "அதான் போர்டுல எழுதிட்டாங்களேப்பா" என்றார்.

அவ்வளவுதான் அவர்களுடைய அரசியல் சட்டம். அது பதினாலு வருஷம் ஓடியது.

பதினாலு வருஷத்தில் டிப்போவுக்குள் முந்நூற்று நாற்பது பேர் ஆனார்கள். ஐந்து பேர் கொண்ட குழு ஒன்று உண்டாயிற்று, அதற்கு அவள் தலைவி. காகிதத்தில் 'பொறுப்பாளர்' என்று பெயர். பெரியவர், சின்னவர், எல்லோருக்கும் டைமக்காதான். காலை ஏழு மணிக்கு அன்றைய டூட்டியைப் பலகையில் எழுதுவாள். யார் குழாயடி, யார் சமையல், யார் மலக்குழிக்குச் சுண்ணாம்பு, யார் வாசல் காவல். டூட்டி பார்க்காதவருக்கு அன்று குடம் கிடையாது. திருடியவரை, அடித்தவரைக் கதவுக்கு வெளியே அனுப்புவாள். அப்படி பதினொரு பேரை அனுப்பியிருக்கிறாள். அவர்களில் ஒரு கிழவர் போகும்போது ஒரு பிடி மண்ணை வாரி அவள்மேல் தூற்றிவிட்டுப் போனார். அவள் தலையைத் தட்டிவிட்டு, அவர் வெளியே போன நேரத்தை எழுதினாள்.

ஆனாலும் அவளை யாரும் கெட்டவள் என்று சொன்னதில்லை. காரணம், வரிசை. பலகையில் வரிசை தப்பாது. குழுவில் இருப்பவர் என்றும் பார்க்க மாட்டாள், அடுத்த பஸ் குடித்தனம் என்றும் பார்க்க மாட்டாள். அவளுடைய சொந்தத் தம்பி மாதக்கணக்கில் மலக்குழி டூட்டி பார்த்திருக்கிறான்.

தம்பி அவளைவிடப் பதினைந்து வயது சின்னவன். தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் வளர்த்தாள். அவனுக்காகவே கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று சொல்பவர்கள் உண்டு, அவள் சொன்னதில்லை. டிப்போவின் மெக்கானிக் அவன். ஊருக்கெல்லாம் 'அக்கா தம்பி'. நாற்பத்தோராம் நம்பர் பஸ்ஸின் நடுவே ஒரு பழைய புடவையைக் கட்டி, முன் பாதியில் அவளும் பின் பாதியில் அவனும் அவன் மனைவியும் இருந்தார்கள். கண்டக்டர் இழுக்கிற பெல் கயிறு அந்த பஸ்ஸில் இன்னும் அறுந்துபோகாமல் இருந்தது. தம்பி மனைவி ஒரு தரம் இழுத்தால் அக்காவுக்குச் சாப்பாடு தயார் என்று அர்த்தம். இரண்டு தரம் இழுத்தால் ஆறிப்போகிறது என்று அர்த்தம்.

மற்ற டூட்டிக்கெல்லாம் ஜனங்கள் முணுமுணுப்பார்கள், போவார்கள். ஒரு டூட்டிக்கு மட்டும் முணுமுணுக்கவும் மாட்டார்கள். அதற்குப் பெயர் 'நீண்ட தூரம்'. கிணற்று என்ஜினுக்கு டீசல் வேண்டும். டிப்போவின் டேங்க் எப்போதோ வற்றிவிட்டது. ஒரு நாள் தூரத்தில், பாலத்துக்கு அப்பால், ஒரு பழைய எண்ணெய்க் கிடங்கு இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இரண்டு பேர் மூன்று சக்கர மிதிவண்டியில் இரண்டு டிரம்மை ஏற்றிக்கொண்டு போய், கைப்பம்பால் இறைத்து, மூன்றாம் நாள் திரும்ப வேண்டும். பாலத்தில் சில சமயம் ஆட்கள் பதுங்கியிருப்பார்கள். அவர்களிடம் துப்பாக்கி உண்டு. பதினாலு வருஷத்தில் போனவர்களில் இருபத்தேழு பேர் திரும்பவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் என்று வரிசை. ஒரு சுற்று முடிய பதினாலு மாதம் ஆகும்.

இந்த டூட்டிக்கு ஒரு விதி இருந்தது. பஸ் ஓடிய காலத்திலிருந்தே வந்த விதி. முதல் நாள் சாயங்காலம் இருவரும் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் வண்டி பழுதானாலும் மழை கொட்டினாலும் பாலத்துப் பக்கம் புகை தெரிந்தாலும், டைம் கீப்பர் பயணத்தை நிறுத்தி 'டிரிப் கட்' என்று சொன்னால் அவர்கள் போய்வந்ததாகவே கணக்கு. அடுத்த ஜோடிதான் அடுத்த டிரிப். ஒரு மனுஷன் பெண்டாட்டி பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு, மனசைக் கல்லாக்கிக்கொண்டு வந்து நிற்கிறான், அவனை இரண்டாவது தரமும் அப்படி நிற்க வைக்கக்கூடாது என்று ஆதியில் அவள்தான் வாதாடி இந்த விதியை வைத்தாள். எல்லோரும் நியாயம் என்றார்கள்.

தம்பியின் முறை வந்தபோது அவன் மனைவிக்கு எட்டு மாதம். அதற்கு முன் இரண்டு கரு கலைந்திருந்தது. தம்பியும் வெல்டரும் ஜோடி. சாயங்காலம் இருவரும் டைம் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

"வெல்டரே, பெடல் யாரு மிதிக்கிறது?" என்று கேட்டான் தம்பி.

"போகும்போது நீ. வரும்போது பாரம் ஜாஸ்தி, அப்பவும் நீ."

"அப்ப நீ எதுக்குய்யா வர்ற?"

"பேச்சுத்துணைக்கு."

டைமக்கா சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடினாள்.

விடியற்காலையில் யாராவது தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறிப் பாலத்துப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். புகை தெரிந்தால் அங்கே ஆள் அடுப்பு மூட்டியிருக்கிறான் என்று பொருள். வழக்கமாக ஏறுகிறவருக்கு அன்று காய்ச்சல். நானே பார்க்கிறேன் என்று டைமக்கா கிளம்பினாள்.

தொட்டிக்கு இரும்பு ஏணி. நாற்பத்திரண்டு படி. நடுவில், இருபத்தொன்றாம் படியில், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு தட்டு உண்டு. அங்கிருந்து பார்த்தால் பக்கத்துக் கோடவுன்களின் தகரக் கூரைதான் தெரியும். பாலம் தெரிய வேண்டுமானால் உச்சிக்குப் போக வேண்டும். அவள் தட்டில் நின்று மூச்சு வாங்கினாள். கீழே, நாற்பத்தோராம் நம்பர் பஸ்ஸின் பின்கதவில் தம்பி மனைவி ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் அவனுக்கு வழிக்கு வேண்டிய அவித்த கிழங்கைத் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

இன்னும் இருபத்தொரு படி. மேலே போனால் தெரிந்துவிடும். புகை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல அவளால் முடியாது. அது அவளுக்கே நன்றாகத் தெரியும். ஆனால் பார்க்காமல் இருக்க முடியும்.

அவள் இறங்கிவிட்டாள்.

"பாலத்துப் பக்கம் புகை. டிரிப் கட்."

வெல்டர் வானத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தூங்கப் போகிறேன் என்று போய்விட்டார். தம்பி மட்டும் வண்டியைப் பிடித்தபடி நின்றான்.

"பெரிய புகையாக்கா?"

"பெரிசுதான்."

கண்டக்டர் பல் துலக்கிக்கொண்டே வந்தார். அடுத்த முறை அவருடையது, டயர் வேலை பார்க்கிற பஞ்சர்காரரோடு. "அப்ப நாளை நின்னு மறுநாள் நம்ம வண்டியா?" என்றார். "பஞ்சரு, ஜன்னல் சீட்டு எனக்குத்தான், இப்பவே சொல்லிட்டேன். சில்லறை சரியா எடுத்துட்டு வா."

இரண்டு நாள் கழித்து அவர்கள் போனார்கள். அன்று வழக்கமானவர்தான் ஏறிப் பார்த்தார். உச்சிவரை ஏறி, ஒரு புகையும் இல்லை என்று உண்மையைச் சொன்னார். பாலத்து ஆட்கள் அன்று அடுப்பு மூட்டவில்லை, அவ்வளவுதான். ஐந்தாம் நாள் மத்தியானம் பஞ்சர்காரர் மட்டும் வண்டியில்லாமல் நொண்டிக்கொண்டு வந்து வாசலில் விழுந்தார். கண்டக்டரைப் பாலத்தின் நடுவிலேயே சுட்டுவிட்டார்களாம். உடம்பை எடுக்க விடவில்லையாம். தோல்பையையாவது தாருங்கள் என்று இவர் கெஞ்சினாராம். பைக்குள் என்ன இருக்கிறதோ என்று அதையும் வைத்துக்கொண்டார்களாம்.

பைக்குள் ஒன்றும் இல்லை என்று டிப்போவில் எல்லோருக்கும் தெரியும்.

டைமக்கா அன்றைக்கு அழவில்லை. புத்தகத்தில் கண்டக்டர் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதினாள். அவர் வீட்டுக்குப் போய் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது. கண்டக்டர் மனைவி சுவரைப் பார்த்தபடி இருந்தாள். கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, பற்றிக்கொள்ளவும் இல்லை.

எட்டாம் நாள் கண்டக்டர் மனைவி டைம் ஆபீஸுக்கு வந்தாள். அந்த ஜன்னலில் கம்பிவலைக்குக் கீழே அரைவட்டமாக ஓர் ஓட்டை உண்டு. பேச வேண்டுமென்றால் குனிந்துதான் பேச வேண்டும். அவள் குனியவில்லை. அவளுடைய வயிறும், அதன்மேல் கோத்துக்கொண்ட கைகளும் மட்டும் டைமக்காவுக்குத் தெரிந்தன.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அன்னிக்கு ஏணியில எத்தனை படி ஏறுனீங்க?"

"ஏம்மா கேக்கற?"

"நான் தொட்டிக்குள்ள இருந்தேன். பாசி தேய்க்கிற டூட்டி. நீங்கதான் எழுதுனீங்க."

எழுதியிருந்தாள். மாதம் ஒரு முறை தொட்டியைக் காலி செய்து, விடியுமுன் ஓர் ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டும். முந்நூற்று நாற்பது பேரின் டூட்டியை வாய்ப்பாடாக ஒப்பிக்கிறவள், அந்த ஒரு காலையில் தான் எழுதியதையே மறந்திருக்கிறாள்.

"அந்த ஏணி தொட்டியோட ஒட்டிக் கெடக்குதில்ல. ஒவ்வொரு படிக்கும் உள்ள கொட்டு அடிக்கிற மாதிரி கேக்கும். வேலை செஞ்சிட்டே எண்ணுனேன். இருபத்தொண்ணு வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மறுபடி இருபத்தொண்ணு."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீங்க புகைன்னா புகைதான்னு இருந்துட்டேன். நான் எண்ணினதுதான் தப்புன்னு நெனச்சேன்."

டைமக்கா மேஜையைப் பார்த்தாள். "உச்சி வரைக்கும் ஏறுனேம்மா" என்றாள். "உள்ள எதிரொலியில உனக்குக் கணக்கு தப்பியிருக்கும்."

கோத்திருந்த கைகள் பிரிந்தன.

"சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் பலகையில் அவளுக்குச் சுண்ணாம்பு டூட்டி. வரவில்லை. ஆனால் தண்ணீர் நேரத்துக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் வந்து நின்றாள். குழாயைத் திறக்கும் டூட்டி அன்று கேன்டீன்காரருக்கு, அவர் குழுவிலும் இருப்பவர். அவர் குழாயில் கையை வைத்தபடி டைமக்காவைப் பார்த்தார். வரிசை முழுக்க டைமக்காவைப் பார்த்தது.

"ஊத்துங்க" என்றாள் டைமக்கா.

பாவம், புருஷனை இழந்தவள் என்று முதல் நாள் நினைத்தார்கள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் இன்னும் மூன்று பேர் டூட்டிக்கு வரவில்லை. "எங்களுக்கும் ஊத்துவாங்கல்ல?" என்றார்கள். கண்டக்டர் மனைவி யாரிடம் என்ன சொன்னாள் என்று தெரியாது. சொன்னாளா என்றும் தெரியாது. ஒரு வாரத்தில் பதினேழு பேர் ஆனார்கள். சுண்ணாம்பு போடாத குழி நாறியது. இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அதில் ஒன்று செத்தது. குழாயடியில் ஒருவன் ஒரு ராடைத் தூக்கினான், நாலு பேர் மடக்கிப் பிடித்தார்கள். டைமக்கா விசில் ஊதினாள். திரும்பிப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் சாப்பிட வந்தபோது தம்பி புடவைத் திரையை ஒதுக்கிவிட்டு முன் பாதிக்கு வந்தான். அவன் மனைவியும் பின்னாலேயே வந்து டிரைவர் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"புகை இருந்துச்சா?" என்றான்.

"சாப்பிட்டியா?"

"அக்கா, புகை இருந்துச்சா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"நான் பாக்கல."

தம்பி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தான். "நான் கேட்டேனா உன்கிட்ட?" என்றான். "காப்பாத்துன்னு ஒரு வார்த்தை கேட்டேனா? அந்த மனுஷன் என் வண்டிக்குக் காத்தடிச்சுக் குடுத்தாருக்கா. போகும்போது, உன் முறையை நான் ஓட்டறேன், எனக்கு ஓவர்டைம் வாங்கிக் குடுன்னு சிரிச்சிட்டுப் போனாரு."

"டேய், போதும்."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா உன் பேரு திரும்ப மேல வரும்டா."

"வரட்டும்."

தம்பி மனைவி வாயைத் திறந்தாள். "அண்ணி, நீங்க புகையைப் பாத்தீங்க. அவ்வளவுதான். அந்தம்மா தொட்டிக்குள்ள எதை எண்ணினாங்களோ. உங்க வார்த்தைக்கு எதிரா யாரு வார்த்தை நிக்கும்?"

"அதான் பயமா இருக்கு" என்றாள் டைமக்கா.

"எனக்கு உங்க நியாயம் வேணாம், உங்க போர்டும் வேணாம். என் புள்ளைக்கு அப்பன் வேணும்."

"புள்ளைக்குத் தண்ணியும் வேணும்மா. போர்டு போச்சுன்னா ராடு தூக்கறவன் வெச்சதுதான் தண்ணி. நான் அந்த நாப்பதாவது நாளைப் பாத்தவ."

"அதை அந்த ஏணியில நிக்கும்போதே நெனச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் டைமக்காவுக்காக யாரும் பெல் கயிறை இழுக்கவில்லை.

மறுநாள் ஏழு மணிக்குப் பலகையின் முன் ஆட்கள் கூடினார்கள். முன்போல வரிசையாக இல்லை, சந்தையில் நிற்பதுபோல் நின்றார்கள். டைமக்கா பலகையில் எதுவும் எழுதாமல் திரும்பி நின்றாள்.

"அன்னிக்கு நான் புகையைப் பாக்கல. பாதி ஏணி ஏறிட்டு எறங்கிட்டேன். என் தம்பிக்காக. அவனுக்குத் தெரியாது, வெல்டருக்கும் தெரியாது. கண்டக்டர் சம்சாரம் கேட்டப்ப பொய் சொன்னேன்."

எங்கோ ஒருவர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார். ஒருவர் காறித் துப்பினார். முதலில் பேசியது வெல்டர்.

"ஒரு நிமிஷம். அப்ப நான் போய்ட்டு வந்ததா எழுதுனது?"

"அதுவும் செல்லாது."

"நல்லா இருக்கே! தப்பு பண்ணது இவங்க, செத்தது அவரு, திரும்பப் போறது நானா? நான் எந்த ஏணியிலய்யா ஏறுனேன்?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். கதவுக்கு வெளியே அனுப்ப வேண்டும் என்றார்கள் சிலர். பதினொரு பேரை அனுப்பியவள்தானே, பன்னிரண்டாவதாகப் போகட்டும். ராடு தூக்கிய ஆள் முன்னால் வந்து, இனி நான் எழுதுகிறேன் என்றான்.

கேன்டீன்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீயா? நீ எழுதுனா உன் மச்சான் பஸ்ஸுக்கு மூணு வேளையும் தண்ணி போகும். எங்களுக்கு விக்கல் வந்தா உன்கிட்ட மனு குடுக்கணும். போ, போய்க் குழிக்குச் சுண்ணாம்பு போடு மொதல்ல."

கடைசியில் எல்லோரும் கண்டக்டர் மனைவியைப் பார்த்தார்கள். அவள் கூட்டத்தின் ஓரத்தில் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நீ சொல்லும்மா. என்ன பண்ணலாம்?" என்றார் கேன்டீன்காரர்.

"அவங்களே எழுதட்டும்" என்றாள் அவள். "தம்பி பேரை. அவங்க கையாலயே."

டைமக்கா எழுதினாள். நீண்ட தூரம், நாளை, ஆறு பத்து. முதலில் தம்பி பெயர், பிறகு வெல்டர் பெயர். சாக் உடைந்தது, குனிந்து எடுத்து மீதியை எழுதினாள். டிரிப் கட் ஆனால் போய்வந்த கணக்கு என்ற விதியை அன்றே எடுத்துவிட்டார்கள். புகை பார்க்க இனி மூன்று பேர் ஏற வேண்டும், அதில் ஒருவர் போகிறவரின் பகையாளியாக இருக்க வேண்டும் என்று கேன்டீன்காரர் சொன்னதையும் விதியாக்கினார்கள். அவளைப் பொறுப்பிலிருந்து எடுக்கவில்லை. மன்னித்தார்கள் என்று சொல்ல முடியாது. வேறு ஆள் இல்லை, அதனால் வைத்துக்கொண்டார்கள்.

தம்பி போகும்போது மனைவியிடம் மட்டும் சொல்லிக்கொண்டான். வெல்டர் யாரிடமும் பேசவில்லை, மாற்று வண்டியின் பெடலில் அவர்தான் முதலில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து நாற்பதுக்கு வாசல் காவலர் கத்தினார். இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இரண்டு டிரம்மும் தளும்பத் தளும்ப இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. பாலத்தில் ஈ காக்கை இல்லையாம்.

வாசலில் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற டூட்டி அன்று கண்டக்டர் மனைவிக்கு. அது வரிசைப்படி வந்ததுதான், டைமக்கா அதை மாற்றவில்லை. அவள் செம்பை நீட்டினாள். தம்பி இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தான். மோவாயில் தண்ணீர் வழிந்தது.

"போய்ட்டு வரக்கூடிய வழிதான் போல" என்றாள் அவள்.

தம்பி செம்பைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றான். அவளே அவன் கையிலிருந்து எடுத்துக்கொண்டு, அடுத்து வெல்டருக்கு மொண்டு கொடுத்தாள். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த டைமக்கா எல்லாவற்றையும் கேட்டாள். அன்றைக்கே அவனை அனுப்பியிருந்தாலும் இப்படித்தான் வந்திருப்பானோ, அடுத்துப் போன கண்டக்டரும் வந்திருப்பாரோ, அல்லது அந்த நடுப்பாலத்தில் கிடப்பது இவனாக இருக்குமோ. உச்சிக்குப் போயிருந்தாலும் இது தெரிந்திருக்காது. இதைத் தெரிந்துகொள்ள எந்தத் தொட்டியின் உயரமும் போதாது.

அந்த வாரமே தம்பி குடும்பம் டிப்போவின் மறுகோடியில் இருந்த பன்னிரண்டாம் நம்பர் பஸ்ஸுக்குப் போய்விட்டது. தம்பி ஒரு வார்த்தையும் கடிந்து சொல்லவில்லை. சட்டி பானையைத் தூக்கும்போது, "அவளுக்கு அங்க காத்து நல்லா வருதுக்கா" என்றான். பதினோராம் நாள் நர்ஸ் ஜன்னலுக்கு வந்து குனிந்தாள்.

"தண்ணிக் கணக்குல ஒரு ஆள் கூடுது டைமக்கா. பொண்ணு."

"எந்த பஸ்?" என்று கேட்டாள், தெரிந்துகொண்டே.

"பன்னெண்டு."

எழுதிக்கொண்டாள். அழைப்பார்கள் என்று மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் குழாயடியில் தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பதைத் தூரத்திலிருந்து பார்த்தாள். தலையில் நிறைய முடி இருந்தது.

ஆட்கள் டூட்டிக்குத் திரும்பினார்கள். குழிக்குச் சுண்ணாம்பு விழுந்தது. அடுத்த பதினாலு மாதத்தில் நீண்ட தூரம் முப்பது முறை நடந்தது, மூன்று பேர் வரவில்லை. டைமக்காவுக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. வரிசை ஒரு சுற்றுச் சுற்றிக் கண்டக்டர் வீட்டுக்கு வந்தது.

அன்று அவள் ஜன்னலில் உட்காரவில்லை. தானே எழுந்து கண்டக்டர் மனைவியின் பஸ்ஸுக்குப் போனாள். அவள் படிக்கட்டில் உட்கார்ந்து, பழைய டியூபைச் செருப்பு வாராக அறுத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்க" என்றாள்.

டைமக்கா உட்காரவில்லை. "அடுத்த டிரிப் உன் வீடு வருது."

"தெரியும்."

"ஒத்த ஆள் இருக்கற வீட்டுக்கு விலக்கு குடுக்கலாம்னு குழுவுல சொல்லலாம்னு இருக்கேன்."

"எப்ப இருந்து?"

"இனிமே."

"இதுக்கு முன்னாடி ஒத்த ஆள் வீடு போயிருக்கா?"

"போயிருக்கு."

"எத்தனை?"

"நாலு."

"அவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க இப்படி வந்தீங்களா?"

கண்டக்டர் மனைவி வாரை இழுத்துப் பார்த்து, போதாது என்று இன்னொரு துண்டை எடுத்தாள்.

"எனக்காக நீங்க புகையைப் பாக்க வேணாம்க்கா" என்றாள். "என் பேரை எழுதுங்க. கூட யாரு?"

"பஞ்சர்காரர். அவரும் உன் வீட்டோட ஜோடிதான், மாறாது."

"அவரு கால் தேறிடுச்சா?"

"நடக்கறாரு. மிதிக்க முடியாது."

"அப்ப நான் மிதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவள் கத்தியைப் படிக்கட்டின் இரும்பு விளிம்பில் தீட்டினாள்.

டைமக்கா திரும்பி நடந்து போய்ப் பலகையில் இரண்டு பெயரையும் எழுதினாள்.